கோயில் மண்டபம் என்ன ஜிம்மா என்று கேட்டவர்களுக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க. படிச்சு முடிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க. ஆனா படிக்காமலேயே வாட்ஸ்அப் குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போடாதீங்க.

போன வாரம் இரவு பூஜை முடிந்த பிறகு நம் மண்டபத்தில் இருபது பேருக்கு மேல் பாய் விரித்து உடற்பயிற்சி செய்த படத்தை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே வந்த கருத்துகளை நாங்களும் படித்தோம். "கோயில் மண்டபம் என்ன ஜிம்மா?" "தொப்பை குறைக்க முருகன் இடம்தான் கிடைச்சுதா?" "முதுகு வலிக்காரங்களைக் கூட்டி வெச்சு இன்னும் முறிக்கப் போறாங்க." நேரில் கேட்டிருந்தால் நேரில் பதில் சொல்லியிருப்போம். ஊருக்கே தெரியும்படி கேட்டதால் ஊருக்கே பதில் சொல்கிறோம்.

முதலில் மண்டபம். அது மூலஸ்தானம் இல்லை, பிரகாரமும் இல்லை. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடும் மண்டபம். டீஜே பெட்டி கொண்டு வந்து வைத்து நள்ளிரவு வரை ஆடிய இடம். அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சிலம்பம் நடக்கிறது, அதையும் யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது அக்கா ஒருவர் பாயில் படுத்து ஒரு முழங்காலை மடக்கினால் மட்டும் ஆகமம் கெட்டுவிடுமா? உடம்பைப் பேண வேண்டும் என்று திருமூலரே திருமந்திரத்தில் சொல்லி வைத்திருக்கிறார். சைவ சமய வகுப்புக்குப் போன பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். அந்தப் படத்தில் இருந்தவர்கள் யார் தெரியுமா? உங்களுக்கு அன்னதானம் பரிமாறுகிறவர்கள். வெள்ளிக்கிழமை காலையில் பத்து கிலோ அரிசிப் பைகளைக் காரிலிருந்து இறக்கி, சாம்பார் அண்டாவை இரண்டு பேராகப் பிடித்து அடுப்பிலிருந்து தூக்கி, முந்நூறு பேர் சாப்பிட்ட தரையைக் குனிந்து துடைக்கிறவர்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள். பத்து வருடத்துக்கு முன்பு சுவாமி புறப்பாடு என்றால் தோள் கொடுக்க ஆள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இப்போது பாதிப் பேர் "அண்ணே, இடுப்பு ஒத்துழைக்கல" என்று பின்னால் நடந்து வருகிறார்கள். சமையலறையில் எங்களோடு பல வருடம் நின்ற ஓர் ஆன்ட்டி இந்த வருடம் வரவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்கிறார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டுதான்.

இவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு பிரச்சினையும் சேர்ந்தே இருக்கிறது. முன்னால் வயிறு, பின்னால் வலி. வயிற்றைக் குறைக்கச் சொன்னால் "முதுகு வலி இருக்கு, எப்படி எக்சர்சைஸ் பண்றது?" என்பார்கள். முதுகைப் பார்க்கச் சொன்னால் "முதல்ல வெயிட் குறைக்கணும்" என்பார்கள். இப்படியே வருடம் ஓடிவிடுகிறது. இரண்டும் தனித்தனி நோய் என்று நினைப்பதுதான் இங்கே முதல் கோளாறு. முன்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பாரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது இடுப்புக்கு மேலே இருக்கிற முதுகுத் தசைதான். நாள் முழுக்க, நிற்கும்போதும் நடக்கும்போதும். வயிற்றுத் தசையில் ஆழமாக ஓடும் ஒரு பட்டை, வேட்டிக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டியது போல, இடுப்பைச் சுற்றி வருகிறது. அது தளர்ந்தால் வயிறும் முன்னால் சரியும், முதுகுக்கும் பிடிமானம் குறையும். ஆக முதுகைத் தாங்கும் பயிற்சியும் வயிற்றை உள்ளே இழுக்கும் பயிற்சியும் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது திடீரென்று ஞானம் வரும். காவடி எடுக்கிற தம்பிகள் "முப்பது நாளில் தட்டையான வயிறு" என்ற வீடியோவைப் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு நூறு சிட்-அப். பாதத்தை ஒருவன் பிடித்துக்கொள்ள இன்னொருவன் கையைத் தலைக்குப் பின்னால் கோத்து மேலும் கீழும். மூன்றாம் நாள் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்பான்.

சிட்-அப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பையே வருடக்கணக்கில் ஆராய்ந்தவர் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில். ஒரு சாதாரண சிட்-அப்பில் கீழ்முதுகின் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 3,300 நியூட்டன் என்று அவர் அளந்து சொல்லியிருக்கிறார். முந்நூறு கிலோவுக்கு மேல் வைத்து அமுக்குவது போல. அதுவும் முதுகு வளைந்த நிலையில், நூறு தடவை. நல்ல முதுகு உள்ள இருபது வயதுப் பையனுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஏற்கெனவே டிஸ்க் தள்ளியிருக்கிறவருக்கு? அமெரிக்க இராணுவமே பல பத்தாண்டுகளாகத் தன் உடல்தகுதித் தேர்வில் வைத்திருந்த சிட்-அப்பைக் கைவிட்டு, 2022-இல் அந்த இடத்தில் பிளாங்க்கைக் கொண்டு வந்துவிட்டது. நம் கோயில் பின்புறம் மட்டும் சிட்-அப் இன்னும் ஜோராக நடக்கிறது.

சரி, வலியைப் பொறுத்துக்கொண்டு செய்தாலாவது தொப்பை போகுமா? போகாது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 24 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரை வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், வெறும் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்ய வைத்தார்கள். வயிற்றுத் தசையின் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. உடம்பு எந்த இடத்துக் கொழுப்பை எரிப்பது என்று நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை. மொத்தமாகக் குறையும்போது வயிற்றிலும் குறையும்.

அடுத்து பெல்ட். இதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், ஏன் என்றால் நம் பக்தர்கள் சிலரே அதை விற்கிறார்கள். எண்பது வெள்ளி, நூறு வெள்ளி கொடுத்து வாங்கி, சேலைக்குள்ளே இறுக்கிக் கட்டிக்கொண்டு அன்னதானத்துக்கு வருகிறார்கள். அது வியர்க்க வைக்கும். வியர்வை என்பது தண்ணீர். ஒரு இளநீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். "இடுப்புக்கும் சப்போர்ட் ஆச்சே" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், பயிற்சியைப் பரிந்துரைத்திருக்கிறது; இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் போடச் சொன்ன பெல்ட் வேறு, அதை யாரும் கழற்ற வேண்டாம். நாங்கள் சொல்வது செருப்பு வைக்கும் இடத்தில் பை திறந்து காட்டி விற்கும் பெல்ட்டை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "வலின்னா அசையக் கூடாது, படுத்து ரெஸ்ட் எடு." பாசத்தோடு சொல்கிற வார்த்தை, எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஒன்றிரண்டு நாள் வலி கடுமையாக இருக்கும்போது வேகத்தைக் குறைப்பது நியாயம். வாரக்கணக்கில் படுத்தால் தசை கரையும், வயிறு பெருகும், எழுந்து நிற்கும்போது முன்பைவிட வலிக்கும். பிறகு அதையே காரணமாகக் காட்டி மறுபடியும் படுக்கை. நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய், காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு மேடு பள்ளம் நடந்தவர்கள். அவர்களுக்கும் முதுகு வலித்தது, பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த நடையும் தூக்கலும் நம் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது, சாப்பாட்டு அளவு மட்டும் போகவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் உடல்பருமனில் முன்னால் நிற்பது நாம்தான். இந்த ஒன்றில் மட்டும் முதலிடம்.

"அழகுக்காகச் செய்றாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். பெண்கள் படத்துக்குக் கீழே மட்டும் எழுதியிருந்தார், அதையும் கவனித்தோம். பிள்ளை பெற்ற வயிற்றைக் கேலி செய்வதற்கு எந்தக் கோயிலிலும் இடமில்லை. எங்கள் கணக்கு கண்ணாடியில் இல்லை, அளவு நாடாவில். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டு அளக்க வேண்டும். நம் ஆசிய உடம்புக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் தொட்டாலே எச்சரிக்கை. அதற்கு மேலே போனால் உள்ளே குடலைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இனிப்பு நீரும் இருதய நோயும் அந்த வழியாகத்தான் வருகின்றன. பந்தியில் எத்தனை பேர் பாயசத்துக்கு முன் மாத்திரை போடுகிறார்கள் என்று பரிமாறுகிற எங்களுக்குத் தெரியும்.

அப்படியென்றால் மண்டபத்தில் என்னதான் செய்கிறோம்? பிசியோதெரபி படித்து அதே வேலையில் இருக்கும் நம் பக்தை ஒருவர், காசு வாங்காமல், வாரம் மூன்று நாள் சொல்லிக் கொடுக்கிறார். குதிப்பது கிடையாது. முறுக்குவது கிடையாது. மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள்தான் அடிப்படை.

ஒன்று, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரண்டு கைகளையும் இடுப்பு வளைவுக்குக் கீழே வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் தூக்குவது. தூரத்திலிருந்து பார்த்தால் தூக்கியதே தெரியாது. முதுகு வளையவே கூடாது, கையை அங்கே வைப்பதே அதற்குத்தான். அடுத்தது ஒருக்களித்துப் படுத்து முழங்கையிலும் முழங்காலிலும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது, பக்கவாட்டு பிளாங்க். மூன்றாவது, குழந்தை தவழ்வது போல நான்கு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. நீட்டும்போது முதுகின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் சிந்தக் கூடாது. ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை. முதல் சுற்றில் ஆறு முறை, கொஞ்சம் ஓய்ந்து நான்கு, பிறகு இரண்டு. மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். காலுக்குள் வலி ஓடினால் உடனே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இதைப் பார்த்துத்தான் "முறிக்கப் போறாங்க" என்று எழுதினீர்கள்.

ஏன் ராத்திரி எட்டே கால், விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்தால் பக்தி மயமாக இருக்குமே என்று ஒரு பெரியவர் அக்கறையோடு கேட்டார். நல்ல கேள்வி. தூங்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை இழுத்து ஊறியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்வது முதுகுக்கு ஆகாது. நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் காலையில் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைந்தது என்று 1998-இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் காலையில் கோலம் போடும் அக்காமார்களே, கொஞ்ச நேரம் நடந்துவிட்டு உட்காருங்கள். குனிந்தே போடாமல் மணைக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய நமஸ்காரம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்றும் கேட்டார்கள். எதிர்ப்பு இல்லை. ஆனால் அதில் முழுதாக முன்னால் வளைவதும் பின்னால் வளைவதும் அடுத்தடுத்து வரும். வலி உள்ளவர் முதல் நாளே அதில் இறங்க வேண்டாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

கொழுப்புக் குறைவதற்கு நடை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. வெளிப்பிரகாரத்தைச் சுற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? மூன்று சுற்றில் நிறுத்தி கார் சாவியைத் தேடாமல் அரை மணி சுற்றுங்கள். முதுகு வலித்தால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடங்கள்.

ஆனால் நடந்துவிட்டோம் என்று நிம்மதியாகி நேரே மாமாக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி. எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரி அளவில். ஐம்பது நாள் நடந்தால் ஒரு கிலோ. வழியில் இனிப்புப் பால் ஊற்றிய ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் போட்டால் கணக்கு தீர்ந்தது. சாப்பாட்டைத் தொடாமல் வயிறு இறங்காது.

இந்த இடத்தில் எங்கள் சமையலறையும் தப்ப முடியாது என்று தெரியும். பிரசாதத்தை யாரும் குறை சொல்லவில்லை. பிரசாதம் என்பது உள்ளங்கையில் வாங்குவது. இரண்டாம் முறை வரிசையில் வந்து டிபன் கேரியரில் கேசரி கேட்பது பிரசாதம் இல்லை, டின்னர். இந்த மாதத்திலிருந்து பந்தியில் சோறு ஒரு கரண்டி குறைவாகவும் கூட்டு, பொரியல் ஒரு கரண்டி கூடவும் வைக்கப் போகிறோம். வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முகம் சுளிக்க மாட்டோம். பருப்பும் சுண்டலும் தாராளம்.

காவடி எடுக்கும் தம்பிகளிடம் தனியாகப் பேச வேண்டும். பத்து மலையில் 272 படி. பெரிய காவடி என்றால் முப்பது கிலோவும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். அந்தப் பாரம் தோளிலும் இடுப்புப் பட்டையிலும் இறங்கி முதுகெலும்பில்தான் போய் உட்காரும். வருடம் முழுக்க லாரி ஓட்டியோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோ இருந்துவிட்டு, விரதம் தொடங்கும் நாளில் உடம்பை நினைத்தால் அதற்கு நேரம் போதாது. முருகன் பார்த்துப்பான் என்பீர்கள். பார்த்துப்பான்தான். நீங்கள் இறங்கி வந்த பிறகு மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால் உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் மனைவிதான். போன வருடம் அப்படி ஒரு குடும்பத்துக்கு அரிசி கொண்டு போய்க் கொடுத்தது நாங்கள். நேர்த்திக்கடனை யாரும் தடுக்கவில்லை. பாரத்தைக் குறையுங்கள், பால்குடம் எடுங்கள், அல்லது ஆடி மாதத்திலேயே மண்டபத்துக்கு வாருங்கள்.

எல்லா முதுகு வலியும் பாயில் தீர்வதில்லை, இதையும் சொல்லிவிடுகிறோம். கால் மரத்துப் போவது, பாதம் இழுபடுவது, தொடை நடுவிலோ உட்காரும் இடத்திலோ உணர்வு இல்லாமல் போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு முதுகு வலி, விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் மெலிவது. இதில் ஒன்று இருந்தாலும் எங்களிடம் வராதீர்கள். சிறுநீர்க் கட்டுப்பாடு போனாலோ கால் திடீரென்று பலமிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. மற்றவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்த்து, பயிற்சி செய்யலாமா என்று கேட்டு வாருங்கள். தேவையென்றால் அவர்களே பிசியோவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். இதைக் கேட்காமல் யாரையும் பாயில் படுக்க விடுவதில்லை, படம் எடுத்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

நிர்வாகக் குழு இந்த மாதக் கூட்டத்தில் மண்டபம் தொடர்ந்து தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறது. மறுப்பு உள்ளவர்கள் பெயரோடு எழுதிக் கொடுங்கள், நாங்களும் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறோம். வேண்டும் என்பவர்களும் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்தில் புத்தகம் வைத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு எட்டே கால். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், நடுவில் திரை உண்டு. பாய் கொண்டு வாருங்கள். சாப்பிட்டவுடன் வராதீர்கள். சேலையில் வரும் ஆன்ட்டிமார்கள் உள்ளே ஒரு டிராக் பேன்ட் போட்டு வந்தால் வசதி. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்று வீட்டில் இருக்கும் அந்த ஆன்ட்டியை வரும் செவ்வாய் நாங்களே காரில் அழைத்து வருகிறோம். டாக்டர் சரி சொல்லிவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடங்குவார்.

படம் எடுக்க வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் பாயோடு வாருங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
தொண்டர் குழு